பதினேழு எச்சரிக்கைகள்

பரந்தன் அரிசி ஆலையில்
புதுத் தராசு வந்த கிழமை
கோணாமலையண்ணையின் முதல் மூட்டை
எண்பத்தைந்து கோடியே எண்பத்தொன்பது லட்சத்துத்
தொண்ணூற்று மூவாயிரத்து
நானூற்று ஐம்பத்தொன்பது கிலோ.
அடுத்த மூட்டை பூச்சியம்.

இரண்டு சீட்டையும் என் மேசையில் வைத்தார்.
"பிள்ளை, முதலாவதுக்கு மட்டும் காசைத் தா.
ரெண்டாவதை உனக்குச் சும்மா விடுறன்."

61.4. 61.5.
உண்மை நிறை அவ்வளவுதான்.
பழைய தராசு அரைக் கிலோவை அறியாது,
அது அறியாததெல்லாம் ஆலைக்குப் போனது.
விவசாயிகள் சங்கம் சண்டை பிடித்துத் தசமம் வாங்கியது.
மேலே, மாறியின் வகையை நான் மாற்றினேன்.
கீழே, சீட்டு அடிக்கிற வரியில்,
%d அப்படியே குந்திக்கொண்டிருந்தது.

அதற்குக் கண் இல்லை.
முழு எண் வரும் என்று சொல்லிவைத்தால்
கையை விட்டு நான்கு பைட்டு எடுக்கும்.
எட்டு பைட்டுத் தசமத்தின் பின்பாதி
கையில் அகப்படும்.
வாலைத் தடவிப் பார்த்து
மாட்டுக்கு விலை சொல்லும்.

கம்பைலர் ஏன் வாய் திறக்கவில்லை?
எச்சரிக்கையெல்லாம் திறந்துதான் விட்டிருந்தேன்.
ஆனால் அச்சிட்டது printf அல்ல,
அதைச் சுற்றி நானே கட்டிய ‘சீட்டடி’.
printf கம்பைலருக்குத் தெரிந்த ஆள்.
சீட்டடி தெரியாத ஆள்.
தெரியாதவர் வீட்டு விசயத்தில் அது தலையிடாது.

இரவு ஒன்பது மணி, ஆலை நின்றிருந்தது.
தலைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
இதுவும் அச்சிடுகிற ஆள்தான்,
முதலாவது வார்ப்பு, இரண்டாவதிலிருந்து சரக்கு,
ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்.

பதினேழு வந்தன.
அறிவியல் நகரில் பஸ் நின்றதும் இறங்குகிற மாணவர் மாதிரி
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

முதலாவது கோணாமலையண்ணையின் கோடிகள்.
இரண்டு எழுத்தைத் தட்டி %.1f ஆக்கினேன்... இல்லை,
மூன்று எழுத்து. நித்திரைத் தூக்கம்.
இப்படியே பத்து.

பதினோராவது, வரி 212:
‘%s’ தனக்குப் பொருந்தும் சொல்லொன்றை எதிர்பார்க்கிறது.
எதுவும் தரப்படவில்லை.

பெயர்: %s. கணவர்: %s.
கணவர் பெயர் வெறுமையாயிருந்தால்
போகிற கிளை அது.
வார்ப்பை வெட்டி ஒட்டியிருக்கிறேன்,
ஒரு சரக்கைக் குறைத்து.
வார்ப்பு குறையவில்லை.
கேட்டதற்கு ஒன்றும் இல்லையென்றால்
அது வெறுங்கையோடு திரும்பாது,
பக்கத்தில் யாரோ விட்டுப்போனதை எடுத்துக்கொள்ளும்.

காலையில் உருத்திரபுரத்துப் புஸ்பவதனியக்கா வந்தார்.
போன போகச் சீட்டு இருக்கோ என்று கேட்டேன்.
பையிலிருந்து ஐந்து எடுத்தார்.
ஐந்திலும் ஐந்து ஆண்களின் பெயர்.
ஒன்று ஆலை லொறிச் சாரதியுடையது.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"
"முதல் சீட்டைப் பார்த்து அழுதனான்.
மற்றதுகளுக்குச் சிரிச்சனான்.
நிறை சரியாத்தானே இருந்தது."

அந்த இடத்தில் என்ன வைப்பது?
கோடா, ‘இல்லை’யா, ‘தெரியாது’வா?
விசைப்பலகையில் என் விரல் நின்றது.
எந்தச் சொல்லைக் கொடுத்தாலும்
வகை சரியென்று கம்பைலர் விட்டுவிடும்.

அவர் எட்டித் திரையைப் பார்த்தார்.
"நெல்லுக்கு என்னத்துக்கு மனிசன்ர பேர்?"

எல்லோருடைய சீட்டிலும் அதை அழித்தேன்.
அவருடைய மூட்டை ஏறியது. 58.7.
58.7 என்று அடித்தது.
சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
பிறகு மற்ற ஐந்தோடு சேர்த்து மடித்தார்.

இன்னும் ஆறு இருக்கிறது.
வெளியே உழவு இயந்திரங்கள் வரிசையில்,
கோணாமலையண்ணை ஹோர்ன் அடிக்கிறார்.