திறக்கும் திசை

உயர்நிலைப் பள்ளியின் வேலைவாய்ப்புச் சந்தைக்கு
இந்த வருஷமும் நகராட்சி என்னைத்தான் அனுப்புகிறது.
ஒரு பக்கத்து மேசையில் நிக்கல் சுரங்கம்,
மறு பக்கத்தில் விமானப்படை,
நடுவில் நான்,
ஒரு ஹைட்ரன்ட் மூடியோடும் இலவசப் பேனாக்களோடும்.
"உங்கள் பணியை நூற்றிருபது எழுத்துக்குள் விவரிக்கவும்"
என்கிறது படிவம்.
மூன்று நாளாகக் காலியாகக் கிடக்கிறது.

கய்சு லெஹ்தோ, சொத்துப் பதிவாளர்
என்று தொடங்கினேன்.
வீட்டுமனை விற்பவள் என்று நினைப்பார்கள்.
என் சொத்தெல்லாம் எட்டடி ஆழத்தில்,
வடக்கு ஒன்டாரியோவின் உறைபனி எட்டாத மண்ணில்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், பிறந்த வருஷம், உலோகம்,
மீதி ஆயுள்.
சில குழாய்களுக்கு மீதி ஆயுள்
கழித்தல் பதினேழு என்று காட்டுகிறது மென்பொருள்.
செத்துப் பதினேழு வருஷமான பின்னும்
காலை ஆறரைக்கு அவை ஊரைக் குளிப்பாட்டுகின்றன.

இதுவும் நூற்றிருபதைத் தாண்டிவிட்டது.

அக்டோபரில் வால்வுகளுக்கு உடற்பயிற்சி.
சிரிக்காதீர்கள், கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
திருப்பாமல் விட்ட வால்வு இறுகிப்போகும்.
தெருவில் ரெயால் கூர்ஷேன், நீளச் சாவியோடு.
கட்டுப்பாட்டு அறையில் நான், இரண்டு திரைகளோடு:
இடத்தில் நீர்த்தொட்டியின் மட்டம், பம்புகள், அழுத்தம்;
வலத்தில் என் பட்டியல்.
வால்வு 1147. நிலை: திறப்பு.

"மூடுகிறேன்" என்றான் ரேடியோவில்.
"வலம், ஒன்று... இரண்டு..."
எண்ணிக்கொண்டே போனான். காற்றில் பாதி எண்கள் போயின.
பால்சம் தெருவின் அழுத்தம்
முப்பத்தெட்டிலிருந்து இறங்கவேண்டும்.
நாற்பத்து நான்கு.
ஐம்பத்தொன்று.
"இருபத்தொன்று. முடிந்தது. மூடியாச்சு."
அறுபத்திரண்டு.

"ரெயால்" என்றேன்,
அதற்குமேல் எதுவும் வரவில்லை.

பால்சம் தெரு, பன்னிரண்டாம் எண், திருமதி ஸ்டெஃபுரா.
தண்ணீர் நூலாக வருகிறது என்று
பதினோரு வருஷத்தில் பதினான்கு புகார்.
பதினான்கையும் ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கிறோம்:
குறை எதுவும் காணப்படவில்லை.
நான்கில் என் பெயர் இருக்கிறது.
நாற்பது நிமிஷத்தில் அவரிடமிருந்து பதினைந்தாவது.
ஷவர் எகிறிச் சுவரில் அடிக்கிறதாம்,
குழாயில் தேநீர் வருகிறதாம்,
இதற்கும் நான் வரி கட்டவேண்டுமா என்றார்.
இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் பழைய அட்டைகளைக் கொட்டித் தேடினேன்.
1958இல், அந்த ஒரு வருஷம் மட்டும்,
வேறொரு பட்டறையில் வாங்கியிருக்கிறார்கள்.
அந்தப் பட்டறைக்கு வலம் என்றால் திறப்பு.
பதினோரு வருஷத்துக்கு முந்தைய பயிற்சிக் குறிப்பும் கிடைத்தது:
"மூட முயன்றோம், அசையவில்லை.
திறந்தோம், சுகமாகத் திரும்பியது, 21 சுற்று."
விதிப்படி, ஒழுங்காக,
ஒரு தெருவை மூடிவிட்டு
திறப்பு என்று எழுதிப் போயிருக்கிறார்கள்.
கையெழுத்துகூட அழகாக இருந்தது.

மென்பொருளில் திசைக்குக் கட்டம் இல்லை.
விட்டம் உண்டு, நிறம்கூட உண்டு.
கால்கரியிலிருந்து ஒருவர் மிகப் பணிவாகச் சொன்னார்:
புதுக் கட்டத்துக்கு ஆறு வாரம், தனிக் கட்டணம்.
ஆறு வாரம் ஒன்பதாகி, ஒரு திங்கட்கிழமை வந்தது அது,
'திறக்கும் திசை' என்ற தலைப்போடு,
நாலாயிரத்து இருநூறு வரிசையிலும் வெறுமையாக.
ஒன்றே ஒன்றை நிரப்பினேன்: 1147, வலம்.

அதே பட்டறையின் வால்வுகள்
இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கலாம்.
எவை என்று எந்த அட்டையிலும் இல்லை.

படிவம் நாளைக்குள் வேண்டுமாம்.
வெளியே முதல் பனி,
ரெயால் அடுத்த குழி மூடியைத் தூக்கிவிட்டான்.
"1148. எந்தப் பக்கம்?"
தெரியாது என்கிறேன்.
ஒரு சுற்று மட்டும் திருப்பு.
எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.