ஆறுக்குப் பன்னிரண்டு

தில்லிபாபு சவுண்டு சர்வீஸின்
எட்டுப் பெட்டிகளும் திரும்பி வந்தன
மீன்பாடி வண்டியில், கோணி போர்த்திக்கொண்டு.

"இன்னா அமலாக்கா,
பேஸ் குத்தும்போது பொட்டி மூச்சு வாங்குது.
பாட்டுக்குப் பின்னால எவனோ
சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி கீது.
ஃபைனல் மேட்ச்சுல மானம் பூடுச்சு."

ஓட்டையின் விளிம்பில் விரலை ஓட்டினேன்.
நான் எழுதிய நிரல்தான்.
பத்து சென்டிமீட்டர் வட்டம்,
பதினெட்டு மில்லி பிளைவுட்,
நாற்பத்தைந்து பாகையில் ஆறு மில்லி சரிவு.
மெஷின் சொன்னபடி கேட்டிருந்தது.
பில்லில் 'ஃபினிஷிங்' என்று
தனியாக ஒரு வரி வேறு.

ஒரு முனையை ஒழித்ததாக நினைத்திருந்தேன்.
விரலுக்கு இரண்டு தட்டுப்பட்டது.
உள்ளிருந்து பாய்கிற காற்று
முதலாவதில் இடறி
இரண்டாவதில் கிழிகிறது.

பெட்டியாக ஒட்டிக் கறுப்பும் அடித்தாயிற்று,
இனி மெஷின் மேசையில் ஏறாது.
கை ரவுட்டரில் ஆறு மில்லி வளைவுக் கத்தி மாட்டி
முழுதாக ஒரு சுற்று வந்தேன்.
தூளே விழவில்லை.
கத்தி வெறுங்காற்றைச் சீவிக்கொண்டிருந்தது.

பில் புத்தகத்தின் பின்னட்டையில்
கால்வட்டம் போட்டுப் பார்த்தேன்.
வெட்டியதை உருட்ட வேண்டுமென்றால்
வெட்டியதைவிட அதிகம் வெட்ட வேண்டும்.
ஆறுக்குப் பத்தேகால் என்றது கணக்கு.
பத்தேகால் எந்தக் கடையிலும் கிடையாது,
பன்னிரண்டு உண்டு, பிராட்வேயில்.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர்.
சுற்றிக்கொண்டு போய் வாங்கி வந்தேன்.

பதினெட்டில் பன்னிரண்டு போக மிச்சம் ஆறு.
அந்த ஆறு மில்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
பேரிங் ஓடியாக வேண்டும்.
உள்வட்டம், அதனால் கடிகாரத்தின் பக்கமாக.
ஒரேயடியாக இல்லை, மூன்று தவணை.

கறுப்புக்கு அடியிலிருந்து
பிளைவுட்டின் அடுக்குகள் வெளியே வந்தன,
மரம், பசை, மரம்,
ஒரு இடத்தில் வெறும் பொந்து.
இதற்கா இவ்வளவு விலை என்று
வியாபாரியைத் திட்டிக்கொண்டே பட்டி வைத்தேன்.
பிறகு உப்புத்தாளை விரலில் சுற்றி
விரலுக்கு எதுவும் தட்டாத வரை.

தில்லிபாபு ஒயரைச் சொருகி
ஏழாவது பெட்டிக்கு முன்னால் குந்தினான்.
உள்ளங்கையை ஓட்டைக்கு நேரே நீட்டினான்.
கையில் காற்று அடிப்பது
அவன் சட்டைக் கை ஆடுவதில் தெரிந்தது.
சத்தம் மட்டும் இல்லை.
பட்டறைத் தகரம் அதிர்ந்தது.
எதிர்வீட்டில் யாரோ கத்தினார்கள்.

"எவ்ளோ ஆச்சு?"
'ஃபினிஷிங்' வரியை அடித்துவிட்டு
கத்தி விலையை மட்டும் எழுதினேன்.

எட்டாவது பெட்டிக்குள்
ஒரு கைப்பிடி மரத்தூள் தங்கிவிட்டது.
முதல் குத்துக்கு
முன்வரிசைக்காரர் முகத்தில் பறக்கும்.
அதை நான் சொல்லவில்லை.