உலகம் முடியிற காட்சி, ரேக் இரண்டு

வானத்திலிருந்து ஒரு கல் வருகிறது.
பதினொரு மணித்தியாலம் மிச்சம்.
நாலு சிநேகிதர் முந்நூற்றிநாலு விளையாடுகிறார்கள்.
இவ்வளவுதான் கதை என்றான் யசிந்தன்,
விசுவமடுச் சந்தியில் றோல்சைக் கடித்தபடி.
"பகிடிப் படமடா. சனம் சிரிக்க வேணும்."

கல்லுக்கு ஒரு பழைய உதைபந்து,
அதைச் சுற்ற சாப்பாட்டுக்கடை வெள்ளித்தாள்.
கயிறு கட்டி முதிரைக் கொப்பில் தொங்கவிட்டோம்.
காகமொன்று வந்து கொத்திப் பார்த்தது.
உலகத்தின் முடிவில்
தின்ன ஒன்றுமில்லை என்று பறந்துவிட்டது.

வியாழக்கிழமை லோன்காரப் பெடியன் வந்தான்.
பிடித்து நடிக்க வைத்தோம்.
ஆறு மணிக்குக் கல் விழும்,
ஐந்தேமுக்காலுக்கு நீ
கட்டுக்காசு கேட்டு வர வேணும்.
கொஞ்சம் யோசித்தான்.
"ரசீது எழுதுறதோ, விடுறதோ?"
எழுது என்றோம்.
எழுதினான். திகதியும் போட்டான்.
போகும்போது மயூரதியிடம்
உண்மையான கட்டுக்காசையும் வாங்கிக்கொண்டு போனான்.

சனம் ஓடுகிற காட்சிக்கு
கச்சான் தோட்டத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேர்.
ஓடுங்கோ, கத்துங்கோ என்றான் யசிந்தன்.
ஒருவரும் ஓடவில்லை.
"முதல்ல மாட்டை அவிட்டுவிட வேணும் தம்பி"
என்றார் சவிரிமுத்து.
"ஐடென்ரிக் காட், காணி உறுதி, ஒரு சொப்பிங் பையில."
"உப்பு. எல்லாரும் மறக்கிறது உப்பு."
"கத்தினா எப்பிடிக் கேக்கும், எங்கால விழுதெண்டு?"

யசிந்தன் கதைத்தாளை மடித்து
சட்டைப்பையில் வைத்தான்.
ஆறு வயதில் இதே றோட்டால்
சைக்கிள் பாரில் இருந்து போனவன் அவன்.
நினைவிருப்பது
பாரில் சுற்றியிருந்த துவாயின் நிறம் மட்டும்.

பரந்தன் கலியாண வீடியோக்காரனிடம்
நாள் வாடகைக்கு எடுத்த ட்றோன்.
மேலேயிருந்து பார்க்க
சனம் எறும்பாய்த் தெரிய வேணும்.
அன்ரன் றெஜி பொத்தானை அமத்தினான்.
எழும்பியது.
இரைந்தது.

"வண்டு" என்றார் யாரோ,
மூச்சு விடுகிறமாதிரி.

மண்வெட்டிகள் நின்றன.
ஒரு பெண் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை
இழுத்து மடிக்குள் ஒளித்தாள்.
சவிரிமுத்து வரம்போடு வரம்பாய்க்
குப்புறப் படுத்துவிட்டார்.
வாய் திறந்து, காதைப் பொத்தி,
முழங்கையை ஊன்றி,
நெஞ்சு நிலத்தில் முட்டாமல்.
நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கமரா ஓடிக்கொண்டிருந்தது.
சத்தம் பதிகிறவன் நான்.
அவருடைய சேட்டில் நான் குத்திவிட்ட மைக்கில்
ட்றோன் கேட்டது,
கச்சான் இலைக்குள் ஒரு தத்துவெட்டி கேட்டது,
பல்லோடு பல்லு அடிக்கிறது கேட்டது.

றெஜி அதை இறக்கினான்.

கனநேரம்.

பிறகு எழும்பினார். சாரத்தைத் தட்டினார்.
வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்.
"எப்பிடி, நல்லா வந்ததோ?"

சிரிப்பு எங்கிருந்து வெடித்ததோ.
வெள்ளைத் துணிக்காரிதான் முதலில்.
பிறகு எல்லாரும்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரம்பில் குந்தி,
மூச்சுத் திணறத் திணற.
யசிந்தனும் சிரித்தான்.
சிரித்தபடியே மற்றப் பக்கம் திரும்பி நின்றான்.

"ரேக் இரண்டு போவமோ?"
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான் றெஜி.
"இதுதான் தம்பி ரெண்டாவது"
என்றார் சவிரிமுத்து.

அன்றிரவு கடைசிக் காட்சி.
முதிரைக்குக் கீழே நாங்கள் நாலுபேர்,
தலைக்குமேல் வெள்ளித்தாள் கல்
காற்றுக்கு மெல்ல ஆடுகிறது.
மயூரதி துரும்பைக் கவிழ்த்து வைத்தாள்.
நான் கேள்வியை ஏற்றினேன்.
றெஜி வழக்கம்போலக் கள்ளம் செய்தான்,
பிடிபட்டான், சத்தியம் பண்ணினான்.
இடையில் எப்போதோ
போனின் சார்ஜ் இறங்கிப் படம் நின்றுவிட்டது.
ஒருவரும் கவனிக்கவில்லை.
விடியுமட்டும் விளையாடினோம்.

அதனால் படத்துக்கு முடிவில்லை.
கவிழ்த்து வைத்த அந்தத் தாள்
உக்காத்தனா, ஆட்டினா என்று
இப்போதும் எங்களுக்குள் சண்டை.