இரண்டாவது முகடு

ஆட்டுக்கு நூற்றிருபது மில்லிகிராம்.
கன்றுக்கு ஆயிரத்து ஐம்பது.
எடைபார்த்துப் போட்ட கணக்குதான், ஆனாலும்
கிலோவுக்கு இவ்வளவு என்று பிரித்தால்
மாட்டு வகைக்கே கூடுதல்.
ஏன் என்று டில்லிபாபு கேட்டார்,
ஓட்டேரியில் நான்கு மாடு வைத்திருப்பவர்,
புழு மாத்திரை வாங்க வந்த இடத்தில்.
"மாடு பெருசு, அதான?"
அதில்லை.

வேப்பேரி. இரவு பதினொன்று.
மூன்றாம் தடவையாகக் கழுத்துச் சிரையில் ஊசி.
மெட்ராஸ் சிவப்பு ஆடு
என் முழங்கால்களுக்கிடையில் திமிறாமல் நிற்கிறது.
முனிரத்தினம் அதன் தாடையை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்
மகளுக்குப் பொட்டு வைப்பவர் மாதிரி.
ஹெபாரின் குழாயில் ஐந்து மில்லி.
காதுப்பட்டை எண், நேரம், கையெழுத்து.
சென்ட்ரலுக்குள் நுழைய வேண்டிய வண்டி
சிக்னலில் நின்று கூவுகிறது.

கொடுத்த மருந்தை ரத்தத்தில் தேடினால் கிடைக்காது.
பெருவயிறு அதை ஊறவைத்துக்கொண்டு
கொஞ்சம் கொஞ்சமாய்ப் படியளக்கும்.
கல்லீரல் வாசலிலேயே மறித்து
ஓர் ஆக்சிஜனை மாட்டிவிடும்.
அந்த வேடத்தில்தான் உடம்பெல்லாம் சுற்றும்,
அந்த வேடத்திலும் புழுவைக் கொல்லும்.
இன்னோர் ஆக்சிஜன் ஏறிவிட்டால் முடிந்தது,
கூலி வாங்கிவிட்ட ஆள்போல
வெளியேறும் வழி பார்த்து நிற்கும்.

ஆட்டின் கல்லீரலுக்கு நிதானம்.
மாட்டுக்கு அவசரம்,
இரண்டாவதையும் கையோடு மாட்டி அனுப்பிவிடுகிறது.
காகிதத்தில் மாட்டின் இரண்டாவது முகடு
முதலாவதைத் தாண்டி உயர்ந்து நிற்கும்.
சீக்கிரம் மறக்கிற உடம்புக்கு
கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது,
அவ்வளவுதான் டில்லிபாபு.

இதில் ஒரு குறும்பும் உண்டு.
ரத்தத்திலிருந்து மறுபடி குடலுக்குள் கசிவதை
அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் பிடித்து
ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு
பழைய மருந்தாகவே திருப்பி அனுப்பும்.
என் ஆய்வேட்டில் இதற்கு ஒரு வரி.
எனக்கு அரை ராத்திரி.

புளியந்தோப்பு மாநகராட்சிப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு.
வரிசையில் நிறுத்தி நாக்கில் வைத்ததும் இதே மாத்திரை.
மென்று தின்னு என்றார்கள்,
வெனிலா வாசனை பூசிய சுண்ணாம்பு.
அன்றும் என் கல்லீரல் பெயர் மாற்றியிருக்கும்.
யாரும் நேரம் குறிக்கவில்லை.

மூன்று நாள் பால் விற்காதீர்கள் என்றதற்குச் சிரித்தார்.
"அந்த மூணு நாள் தவணைய யார் மேடம் கட்டுவா?"
பழைய சோதனை வரைபடம் ஒன்றைக் காட்டினேன்.
முதல் நாள் ஏறி, மறுநாள் சரிந்து,
மூன்றாம் நாள் தரையோடு தரையாய்ப் படுக்கும் கோடு.
தலைசாய்த்து நன்றாகப் பார்த்தார்.
"இதுல பணம் எங்க இருக்கு?"

முப்பத்தாறாம் மணி. விடியவில்லை.
மின்சாரம் போய் வந்ததில்
மையவிலக்கி முதலிலிருந்து சுற்றுகிறது.
கன்று அசைபோடத் தொடங்கிவிட்டது.
முனிரத்தினம் வைக்கோல்மீது உட்கார்ந்தபடி தூங்குகிறார்.
ஓட்டேரிப் பக்கத்திலிருந்து
சைக்கிள் ஒன்று, கேனோடு கேன் இடிக்கும் சத்தம்.
அவருடையதா என்று எட்டிப் பார்க்கவில்லை.
அடுத்த குழாயில் நேரத்தை எழுதினேன்,
ஐந்து பத்து,
கொஞ்சம் தாமதம்.