கொசுறு

ரியோனி ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியில்
பனி உறைந்து கிடக்கும் நவம்பர் விடியலில்
நாங்கள் நிற்போம், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு.
ஜும்பெரின் டிரக் வரும்.
அவன் இறங்க மாட்டான். கண்ணாடியை நாலு விரல் இறக்குவான்.
இரண்டு பேர் தொண்ணூறு லரி.
நாலு பேரென்றால் நூற்றெண்பது,
கூட ஒருத்தன் கொசுறு.

கொசுறுக்குக் கூலி இல்லை.
மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டு.
ஜும்பெருக்கு மனசு வந்தால் ஒரு பாக்கெட் சிகரெட்.

அந்த வாரம் முழுக்க அது மல்காஸ்தான்.
ஸெஸ்தபோனி உருக்காலை அவன் வலக்கையில்
இரண்டு விரலை மட்டும் விட்டுவைத்திருந்தது.
எங்கள் கோயிலில் மூன்று விரல் கூட்டிச் சிலுவை போடுவோம்.
அவன் இருப்பதை வைத்துப் போட்டுக்கொள்வான்,
கதவைத் தட்டுகிறவன் மாதிரி.

நான் எப்போதும் நாலாவது.
நாலாவதாக நிற்கிறவனுக்குத்தான் தெரியும்
ஐந்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதென்று.

பாலத்து முனையில் ரொட்டி விற்கும் சியாலா
சில்லறை தரும்போது எல்லோரையும்
கெனத்ஸ்வாலே என்பாள்.
உனக்கு வருவது எனக்கு வரட்டும்,
உன் இடத்தில் நான் நிற்கிறேன் என்று பொருள்.
போலீஸ்காரனுக்கும் சொல்வாள், நாய்க்கும் சொல்வாள்.
கைமாறிக் கைமாறி
முகம் அழிந்த காசு அந்தச் சொல்.

வெள்ளிக்கிழமை கொபுலேத்தியில் கமலா ஆரஞ்சு ஏற்றினோம்.
இருட்டியதும் ஜும்பெர் தலை எண்ணினான்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
கணக்குச் சரி. வண்டி கிளம்பிற்று.
கடல் பின்னால் போனது. மழை பிடித்துக்கொண்டது.
ரேவாஸ் என் தோளில் தூங்கினான்.
பாலத்தில் இறங்கிக் கூலி வாங்கும்போதுதான் உறைத்தது:
மல்காஸ் இல்லை.

சொன்னேன். ஜும்பெர் நோட்டைப் புரட்டினான்.
"எழுதின பேரெல்லாம் வந்தாச்சே" என்றான்.
நானும் வீட்டுக்குப் போனேன்.
அதை மறைக்கப் போவதில்லை.
சூப் குடித்தேன். சூடாக இருந்தது.

திங்கட்கிழமை மல்காஸ் அங்கே நின்றான்.
மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தானாம்.
சட்டைப்பையில் இலையோடு ஓர் ஆரஞ்சு.
முகத்தில் கோபம் இல்லை,
தொலைந்த கணக்கொன்று நேரான சந்தோஷம்.

"கொட்டகைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன், வண்டிச் சத்தம் போய்விட்டது.
அங்கேயே படுத்தேன்.
விட்டத்தில் குருவிகள், மழைக்கு ஒதுங்கினவை.
பாதிரியார் வாசிப்பாரே, குருவி விலை?
ஓரிடத்தில் ஒரு காசுக்கு இரண்டு.
இன்னோரிடத்தில் இரண்டு காசுக்கு ஐந்து.
ராத்திரி பூரா பெருக்கிப் பார்த்தேன்.
அப்போ அந்த ஐந்தாவது?
அதுக்கு விலையே இல்லை.
ஜும்பெர் மாதிரி எவனோ கேட்டு வாங்கினது.
அதையும் சேர்த்துத்தான் ஆண்டவர் மறக்கிறதில்லையாம்.
விலை போனதைத்தான் நினைப்பாரென்றால்
நாலோடு நிறுத்தியிருப்பாரே!"

சிரித்தான். பல்லிடுக்கில் புகை.

டிரக் வந்தது. கண்ணாடி இறங்கியது.
நான் துணிந்து எதுவும் செய்துவிடவில்லை.
பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது, குனிந்தேன்.
நிமிரக் கொஞ்சம் தாமதித்தேன், அவ்வளவுதான்.
மல்காஸ் நாலாவதாக ஏறினான்.
ஜும்பெர் என்னைப் பார்த்தான். "இன்றைக்கு நீயா?"
கொசுறு யாராயிருந்தால் அவனுக்கென்ன.

பாலத்து முனை தாண்டும்போது
சியாலா யாரையோ கெனத்ஸ்வாலே என்றாள்.
நாற்பது வருஷம் கேட்ட சொல்.
அதற்குள் ஆணி இருப்பது
அன்றைக்குத்தான் குத்தியது.

மதியம் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம்.
ஜும்பெர் மறந்துவிட்டான் போல, ரொட்டி நாலுதான்.
மல்காஸ் தன்னுடையதை மார்போடு அணைத்து
இரண்டு விரலால் பிய்த்தான்.
பெரிய துண்டு எந்தப் பக்கம் வந்ததென்று
அவன் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.