பிந்தி விழும் அடி

நாலு ரோட்டில், தட்டுவடை செட்டு விற்கிற வண்டிக்கு
நேர் மேலே என் கடை.
‘எல்லா விழாவுக்கும் பாட்டு வெட்டி ஒட்டித் தரப்படும்.’
கட்டிங் ஒன்றுக்கு நூற்றைம்பது.
ஆண்டுவிழா மாதமென்றால் இருநூறு.

வெட்ட வெட்டத்தான் தெரிந்தது.
மரவனேரி பெலிசிட்டா டீச்சரின் ஜூம்பா பாட்டிலும்
குகைப் பையன்கள் பென்டிரைவில் கொண்டுவந்த குத்திலும்
பெர்லினில் யாரோ செய்த, சொல்லே இல்லாத
ஏழு நிமிட இரைச்சலிலும்
அடியில் ஒரே டிரம்.
பெயின்டைச் சுரண்டச் சுரண்ட
முதல் சுண்ணாம்பு வந்து நிற்கிற மாதிரி.

எழுபதுகளில் இங்கிலாந்தில் ஒரு ராக் கோஷ்டி.
முடி தோளுக்குக் கீழே, கிதார் இடுப்புக்குக் கீழே.
ஆட்டத்துக்கென்று அவர்கள் எதுவும் செய்யவில்லை.
கேட்டவர்கள் ஆட்டியதும் தலையை மட்டும்தான்.
ஏதோ ஒரு பெரிய வீட்டில் மாடிப்படிக்கு அடியில் டிரம்மைப் போட்டு
மைக்கை மேலே தொங்கவிட்டார்களாம்.
ஓர் அடி படியேறித் திரும்பி வருவதற்குள்
அடுத்தது கிளம்பியிருக்கும்.
அதில் நாலு செகண்டை யாரோ கேட்காமல் அறுத்தார்கள்.
அறுத்ததை இன்னொருவர் அறுத்தார்.
நான் எத்தனையாவது கத்தி,
எனக்கே தெரியாது.

போன மே மாதம்
ஏற்காடு கோடை விழாவுக்கு எட்டுப் பெண்கள்,
மூன்றரை நிமிடம்.
திரையில் அலையைப் பெரிதாக்கியபோது பார்த்தேன்:
இரண்டாவது அடி, ஒவ்வொரு முறையும்,
கோட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால்.
இருபது மில்லி செகண்ட்.
கோணலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.
ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து
கோட்டின் மேல் உட்கார வைத்தேன்.
ராத்திரி இரண்டு மணி. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் படுத்தேன்,
ஐம்பது வருசத்துத் தப்பைத் திருத்தியவன் தூக்கம்.

காலை ஏழுக்கு போன்.
‘என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க பாட்டை?
எட்டும் பொம்மையாட்டம் நிக்குதுங்க.’
கால் எங்கே வைப்பதென்று தெரியவில்லையா, என்றேன்.
‘தெரிஞ்சு போச்சுங்க. அதான் பிரச்சினை.’

ஹெட்போனை மாட்டி
பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன்.
ஏற்காடு பஸ்ஸில் போயிருக்கிறீர்கள்தானே?
பதினோராம் வளைவில்
நாம் நினைத்ததற்கு ஒரு கணம் கழித்துத்தான்
டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிப்பார்.
அந்த ஒரு கணம்
பஸ்ஸில் இருக்கிற அத்தனை உடம்பும் ஒரே பக்கம் சாயும்:
பலாப்பழம் வைத்திருப்பவர், புது மாப்பிள்ளை,
தூங்குகிறவர்கூட.
அந்த ஆள் தாமதிக்கவில்லை.
நாம் சாய இடம் விட்டிருக்கிறான்.

தப்பை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.
இரண்டு மணி நேரம் ஆனது. காசு கேட்கவில்லை.

மேடையில் பனி. ஒரு ஸ்பீக்கர் கரகரத்தது.
எட்டுப் பேரும் விழப்போய் விழப்போய்
விழாமல் ஆடினார்கள்.
மூன்றாம் பரிசு. ஆளுக்கொரு டிபன் பாக்ஸ்.

அந்த டிரம்மர் எப்போதோ செத்துவிட்டானென்று படித்தேன்.
என் பில் புத்தகத்தில்
பாட்டு, நிமிடம், தொகை என்று மூன்றே கட்டம்.
அவனுக்கு எழுத இடமில்லை.

ஆடியில் குகையில் வண்டி வேடிக்கை.
முன்னால் போன லாரியில் நான் வெட்டிய பாட்டு.
பின்னால் வந்த லாரியில் நரசிம்மர்,
மடியில் இரணியன், குடல் சிவப்புத் துணி.
நரசிம்மர் வேறு யாருமில்லை, செல்போன் கடை கோவர்த்தன்.
விடியும்வரை அசையக் கூடாதென்று கமிட்டி உத்தரவு.
அசையவில்லை.
பிடரி அசையவில்லை, நகம் அசையவில்லை,
கண்கூட இமைக்கவில்லை.

ஜிகினாத் தண்டைக்குக் கீழே
மஞ்சள் பூசிய கட்டைவிரல் மட்டும்
தட்டிக்கொண்டிருந்தது,
கொஞ்சம் பிந்தி.