விரிப்புக்கு அடியில்

லைசென்ஸ் கிடைத்துப் பதினோராவது நாள்.
கார் சந்திரமலருடையது, லீசிங் கட்டுவதும் அவள்தான்.
வளைவுகளில் தலை சுற்றும் என்கிறாள்.
ஆகவே ஸ்டியரிங் என் கையில்.
பின்சீட்டில் ரிஸ்லா, மடியில் ஒரு பார்சல் மரவள்ளிப் பொரியல்,
வளைவு வருமுன்பே
"ஹோர்ன் அடி, ஹோர்ன் அடி" என்றபடி.

போயா லீவு. பண்டாரவளை தாண்டியதும்
வெள்ளை உடுத்தவர்கள் வரிசையாய் விகாரைக்குப் போகிறார்கள்.
நான் முதலாம் கியரில் அவர்களுக்குப் பின்னால்,
ஊர்வலத்தில் சேர்ந்துகொண்ட ஒரு சிவப்பு ஆடு மாதிரி.

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குப் பாத்திகள்.
போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே ஒரு வெருளி,
கழுத்தில் நீலமும் மஞ்சளுமாய் டை.
"எங்கட ஸ்கூல் டை!" என்று ரிஸ்லா கத்த
நான் பிரேக்கில் காலை வைத்தேன்.
பின்னால் வந்த லொறிக்காரர் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

அடுத்த ஊரில், ஓடைக்குள் முழங்கால் வரை நின்று
பையன்கள் கரட் கழுவினார்கள்.
தண்ணீர் செம்மண்ணாய் வந்து
கரட் நிறத்தில் போனது.
கையசைத்தோம். எல்லோரும் அசைத்தார்கள்.
ஒருவன் மட்டும் காரைக் கண்டதும் குனிந்தான்,
நாங்கள் போகும்வரை நிமிரவேயில்லை.

கிளென்ஹார்ட் பங்களா.
எங்களுக்கு எண்ணூறு, வெள்ளைக்காரருக்கு நாலாயிரம்.
அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு
எண்ணூறே வாங்கினார் காவலாளி.
உள்ளே மூன்று மொழிகளில் எச்சரிக்கை.
தமிழில் மட்டும் 'தோடாதீர்'.
ரிஸ்லா தன் காதைத் தடவிப் பார்த்தாள்.

நிமேஷா என்ற பெண் சுற்றிக் காட்டினாள்:
துரை சுட்ட சிறுத்தை, துரைசாணியின் பியானோ,
அவர்கள் நாய்களுக்கு வைத்த கல்லறைகள், பெயர்களோடு.
பிறகு சாப்பாட்டு அறை. பதினெட்டுக் கதிரைகள்.
மேசைத் தலைமாட்டில், விரிப்புக்கு அடியில்,
துரைசாணி காலால் அழுத்தும் மணி.
கை தட்ட வேண்டாம், பேச்சு நிற்க வேண்டாம்,
மிதித்தால் குசினியில் கேட்கும்.

மிதிக்காதீர் என்று
எந்த மொழியிலும் எழுதியிருக்கவில்லை.
கயிற்றைத் தாண்டிப் போய்
சந்திரமலர் மிதித்தாள்.

எங்கேயோ தூரத்தில் 'ட்ரிங்'.
நிமேஷாவின் முகம் வெளுத்தது.
ஓடிவரும் செருப்புச் சத்தம். கதவு திறந்தது.
வெள்ளைக் கோட்டு, தங்க நிறப் பித்தான்கள்,
கையில் துடைத்து முடியாத ஒரு தட்டு.

"என்ன வேணும் மே..." என்றவர் நின்றார்.
"டீச்சர்?"

டிலுக்சனின் அப்பா. சடையப்பன்.
ஒன்பதாம் வகுப்பு சீ பிரிவு.
மூன்று பெற்றார் கூட்டத்துக்கும் வராதவர்.
"லீவு தரமாட்டாங்க டீச்சர்."
"அவன் திங்கள் வெள்ளி வாறதில்லை, தெரியுமா?"
"ஸ்கூலுக்குத்தானே போறான்?
டையெல்லாம் கட்டிக்கிட்டு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்தது கூட்டம்தான்.
நிமேஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க,
பதினெட்டுக் கதிரைகளில் ஒன்றிலும் யாரும் உட்காராமல்,
கணிதம் இருபத்திரண்டு, விஞ்ஞானம் முப்பத்தொன்று.
கரட் கழுவினால் நாளுக்கு எவ்வளவு
என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை.
கடைசியில் அந்தத் தட்டை
மேசையில் வைப்பதா கூடாதா என்று தெரியாமல்
அவர் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

வருகைப் பதிவேட்டில் எல்லோரும்
'அருமை', 'அழகிய இயற்கை'.
சந்திரமலர் எழுதினாள்:
மணி வேலை செய்கிறது.

திரும்பும்போது மூடுபனி.
ஒரு ஹெட்லைட்தான் எரிந்தது,
ரிஸ்லாவும் பேசாமல் வந்தாள்.
ஏற்றத்தின் நடுவே அதே ஓடை.
மூட்டைகளுக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவன்,
குளிரில் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு.

"நிப்பாட்டு" என்றாள் சந்திரமலர்.

ஏற்றத்தில் நிறுத்தினால்
பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க
எனக்கு இன்னும் வராது.
சொல்லவில்லை.
நிறுத்தினேன்.